கண்டி மேடையில் சுருதி இறங்கியது ஏன்? பாண்ட் அணியுடன் மீண்டும் புறப்படும் முன் ஒரு கேள்வி

பொறுப்பாசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு கலவன் பாடசாலையின் பாண்ட் வாத்திய அணிக்கு நான்கு ஆண்டுகளாகப் பொறுப்பாசிரியையாக இருக்கிறேன். நான் கற்பிப்பது கணிதம். பொறுப்பை ஏற்க எவரும் முன்வராத ஆசிரியர் கூட்டத்துக்கு நான் சற்றுத் தாமதமாக வந்து அமர்ந்தேன் என்பதைத் தவிர எனக்கு வேறு இசைத் தகைமை கிடையாது. பயிற்சியை வெளியிலிருந்து வரும் பாண்ட் மாஸ்டர் கவனித்துக்கொள்கிறார். அனுமதிக் கடிதம், பஸ், சாப்பாடு, சீருடை, பிள்ளைகளின் காய்ச்சல் எல்லாம் என் பக்கம்.

சென்ற ஆண்டு கண்டியில் நடந்த ஒரு போட்டிக்கு 34 பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். இரவு ஒன்பது மணிக்குப் பாடசாலை வாசலில் புறப்பட்டு, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, ஏ-9 வீதியின் 321 கிலோமீற்றரையும் ஓடி முடித்து, விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கண்டியில் இறங்கினோம். எங்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த வகுப்பறையில் பிள்ளைகள் முகம் கழுவி உடை மாற்றினார்கள். எட்டரை மணிக்கு மேடை ஏறினோம். மூன்று மாதம் ஒத்திகை பார்த்து, இங்கே எவரும் குறை சொல்ல முடியாதபடி வந்திருந்த அதே உருப்படி அங்கே முதல் அரை நிமிடத்துக்குள் கலைந்துபோனது. ட்ரம்பெட்டுகள் ஒரு சுருதியிலும் பெரிய குழலான ட்யூபா வேறொரு சுருதியிலும் நிற்க, அவற்றுக்கு மேலே, உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் க்ளொக்கன்ஸ்பீல் தனிவழியில் மணியடித்துக்கொண்டிருந்தது. இசை தெரியாத எனக்கே பல் கூசியது.

ஊர் திரும்பிய பின் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வாத்தியங்கள் பஸ்ஸில் குலுங்கிப் பழுதடைந்துவிட்டன, புதியவை வாங்க வேண்டும் என்பது பெற்றோர் சிலரின் முடிவு. நித்திரை இல்லாத பிள்ளைகளால் ஊத முடியாது என்பது மாஸ்டரின் முடிவு. பிள்ளைகளோ பயந்துவிட்டோம் என்றார்கள். எனக்கு இவற்றில் எதுவும் முழு விடையாகப் படவில்லை. ஒவ்வொரு குழலிலும், சுருதி சேர்க்க உள்ளும் வெளியுமாக நகர்த்தும் குழாயான ட்யூனிங் ஸ்லைட் எவ்வளவு வெளியே நிற்க வேண்டும் என்பதை இங்கே ஒத்திகையின்போதே சரிபார்த்து, சிவப்புக் கியூட்டெக்ஸால் (நகப்பூச்சு) கோடு போட்டிருந்தோம். மேடையேறும் முன் நானே ஒவ்வொரு குழலாகப் பார்த்தேன். எல்லாம் கோட்டிலேயே நின்றன. குழல் அதே குழல், கோடு அதே கோடு, பிள்ளையும் அதே பிள்ளை என்றால் விடை மட்டும் எப்படி மாறியது?

இந்த ஆண்டும் கண்டிதான். கையிலிருக்கும் பணத்தில் ஒன்றைத்தான் செய்யலாம். வால்வு தேய்ந்துபோன இரண்டு ட்ரம்பெட்டுகளுக்குப் பதிலாகப் புதியவை வாங்கலாம், அல்லது ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்கலாம். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

குருநகரான் எழுதியது:

ரீச்சருக்கு வணக்கம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குழல் ஊதியும் ஊதப் பழக்கியும் வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பஸ்ஸையும் பிள்ளைகளையும் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். அந்தச் சிவப்புக் கோடுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது.

குழலுக்குள் ஒலிப்பது பித்தளை அல்ல, அதற்குள் இருக்கும் காற்று. காற்றின் வெப்பம் கூடினால் ஒலி அதனூடாக விரைந்து செல்லும், சுருதியும் ஏறும். 20 பாகை செல்சியஸில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர், 30 பாகையில் ஏறத்தாழ 349 மீற்றர். நீளம் மாறாத ஒரு குழலில் இந்த வித்தியாசம் சுருதியை அரைச்சுரத்தின் மூன்றிலொரு பங்கு அளவுக்கு நகர்த்திவிடும் என்பதைக் கணித ஆசிரியையான நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் கோடு போட்டது பிற்பகல் மூன்று மணிக்கு, தகரக் கூரை மண்டபத்தில் என்று நினைக்கிறேன். எங்கள் ஊர் ஒத்திகைகள் எல்லாம் அப்படித்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் காலை வேளைக் குளிருக்கு ஸ்லைட்டைக் கோட்டையும் தாண்டி உள்ளே தள்ளியிருக்க வேண்டும். நீங்கள் கோட்டிலேயே நிறுத்தியதால் குழல்கள் எல்லாம் சுருதி இறங்கி நின்றன. க்ளொக்கன்ஸ்பீலின் பட்டைகள் உலோகம், இந்தக் குளிருக்கு அவை அசையமாட்டா. ஆகவே அது தனிவழி போகவில்லை, ரீச்சர். மேடையில் சரியான சுருதியில் நின்றது அது ஒன்றுதான்.

குழல்கள் தங்களுக்குள்ளேயே முரண்பட்டதற்கும் இதுவே காரணம். ட்ரம்பெட்டின் குழாய் ஒன்றரை மீற்றர் அளவானது, பிள்ளை நான்கு மூச்சு விட்டதும் சூடாகிவிடும். பெரிய ட்யூபாவின் குழாயை நீட்டிப் பிடித்தால் ஐந்து மீற்றருக்கு மேல் வரும், அது சூடேறும்போது உருப்படியில் பாதி முடிந்திருக்கும்.

மேடையேறுவதற்குச் சற்று முன்னர், ஒலி எழுப்பாமல், வால்வுகளை மாறி மாறி அழுத்தியபடி குழலுக்குள் வெறும் மூச்சை விடச் சொல்லுங்கள். வால்வை அழுத்தாவிட்டால் அதற்குரிய வளைகுழாய்க்குள் சூட்டுக் காற்றுப் போகாது. பிறகு க்ளொக்கன்ஸ்பீலை ஆதாரமாக வைத்து ட்யூபாவிலிருந்து தொடங்கி மேலே சுருதி சேருங்கள். நாதஸ்வரக்காரருக்குச் சுருதிப்பெட்டி எப்படியோ உங்களுக்கு அந்தப் பட்டைகள் அப்படி.

இனிப் பயணம். பஸ் ஏற்றும் முன் எல்லா மவுத்பீஸையும் கழற்றித் துணிப்பையில் போட்டுவிடுங்கள். குழலில் செருகியபடி கொண்டுபோனால் ஒரு குலுக்கலில் இறுகிவிடும். பிறகு யாராவது குறடு தேடி எடுத்துவந்து முறுக்க, முன்குழாயே திருகிப் போகும். நான் ஒரு முறை அப்படி ஒரு கொர்னெட்டை இழந்திருக்கிறேன். குறடு பிடித்தது நான்தான். ட்ரொம்போனின் நீள்ஸ்லைட்டைத் தனியாகக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள், அதில் ஒரு சிறு நெளிவு விழுந்தாலும் ஓடாது. ட்யூபாவுக்குப் பெட்டி இல்லையென்றால் பஸ்ஸில் ஓர் இருக்கையை ஒதுக்கித் தலையணை வைத்துப் படுக்க வையுங்கள். 35ஆவது பிள்ளை என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ட்ரம்பெட் வால்வு தேய்ந்தது என்கிறீர்கள். உண்மையில் தேய்ந்ததா, சுண்ணாம்பு படிந்து இறுகியதா என்று பாருங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் ஒட்டும் அதே வெள்ளைப் படிவு, கழுவிவிட்டுத் துடைக்காமல் வைக்கும் வால்விலும் ஒட்டும். எண்பதுகளில் நாங்கள் யாழ்தேவி ரயிலில் குழல்களைக் காவலர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவோம். 1990இல் ரயில் நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது 2014 ஒக்ரோபரில். இடையில் பாதையும் பொருளும் அடைபட்டிருந்த காலத்தில் வால்வுக்கு எண்ணெய் கிடையாது, மினுக்க மருந்து கிடையாது. குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். குழல்கள் தங்கம்போல மின்னின, ஒரே மாதத்தில் கறுத்தன, ஏனென்றால் மேலிருந்த மெருகுப் பூச்சையும் சேர்த்துத் தேய்த்து எடுத்திருந்தோம். உங்கள் பிள்ளைகளை அந்த வேலை பார்க்க விடாதீர்கள்.

நல்லூர்த் தாய் எழுதியது:

என் மகள் வேறொரு பாடசாலையில் சைட் ட்ரம் அடிக்கிறாள். குருநகர் மாஸ்டர் ஐயா சொன்ன விஞ்ஞானத்தை மறுக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் ரீச்சர் கேட்டது புது ட்ரம்பெட்டா, தங்குமிடமா என்பது. அதற்கு ஒரு தாயாக என் விடை தங்குமிடம்தான், அதுவும் சுருதிக்காக மட்டுமல்ல.

இரவில் ஏ-9இல் வன்னிப் பகுதியைக் கடந்தவர்களுக்குத் தெரியும், வீதியின் சூட்டுக்குக் கட்டாக்காலி மாடுகள் நடுவிலேயே படுத்திருக்கும். சாரதி பிடிக்கும் ஒவ்வொரு பிறேக்குக்கும் பின்னால் எத்தனை பிள்ளைகளின் தலை முன் இருக்கையில் மோதுகிறது என்பதை நான் கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படுங்கள். பிற்பகலுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், பிள்ளைகள் மாலையில் ஒரு முறை அந்த ஊர்க் காற்றிலேயே ஊதிப் பார்க்கலாம். மாஸ்டர் ஐயாவின் விஞ்ஞானத்துக்கும் அது உதவும். ரயிலில் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு நேர் ரயில் இல்லை, பொல்காவலையில் இறங்கி மாற வேண்டும். பேஸ் ட்ரம்மையும் ட்யூபாவையும் 34 பிள்ளைகளையும் ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்கு ஓடவைப்பதற்கு உங்களுக்குத் துணிவிருந்தால் சரி.

பெற்றோரின் கவலைகளை முதலிலேயே எழுத்தில் தீர்த்துவிடுங்கள். பெண்பிள்ளைகளுடன் எத்தனை ஆசிரியைகள் வருகிறார்கள், தங்கும் இடத்தில் கழிப்பறை எப்படி, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி கைக்கு வந்துவிட்டதா என்ற நான்குக்கும் கடிதத்தில் விடை இருந்தால் கூட்டத்தில் முக்கால்வாசிச் சத்தம் அடங்கிவிடும். எங்கள் பாடசாலையில் தங்குவதற்கு ஒரு பிள்ளைக்கு 1500 ரூபாய் மேலதிகமாகக் கேட்டார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்தால் இரண்டாவது பிள்ளைக்குக் கேட்கக் கூடாது என்று நாங்கள் சண்டை பிடித்து எடுத்தோம். நீங்கள் சண்டைக்கு இடம் வைக்காமல் முதலிலேயே அப்படிச் செய்துவிடலாம்.

சாப்பாட்டுக்குப் புளிச்சாதம் கட்டுங்கள். தேங்காய்ப்பூப் போட்ட புட்டும் சம்பலும் மத்தியான வெயிலுக்குப் புளித்துவிடும். பாண்ட் பிள்ளைகளுக்குப் பாண் கொடுத்தால் போதும் என்று பகிடி விடுவார்கள், அந்தப் பாணையும் சம்பல் இல்லாமல் யார் தின்பது?

பொறுப்பாசிரியை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா, கணக்குப் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அளவே வருகிறது. இத்தனை ஆண்டு கணிதம் கற்பித்தும் கியூட்டெக்ஸ் கோட்டை மாறிலி என்று எடுத்துக்கொண்டேனே என்று வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மாத்தளைப் பக்கம் வளைவுகள் தொடங்கியதும் யூபோனியம் (ட்யூபாவை விடச் சிறிய குழல்) வாசிக்கும் தம்பிக்கு வாந்தி. மேடையில் வெளிறிய முகத்துடன் நின்றான், பாதி இடங்களில் ஊதவே இல்லை. அவனுக்குப் பதிலாக எவரையும் நிறுத்த முடியவில்லை. இதற்கு ஏதாவது வழி உண்டா?

யோர்க்‌ஷயர்த் தகப்பன் எழுதியது:

வணக்கம். மானிப்பாய் என் ஊர், இப்போது வட இங்கிலாந்தில் இருக்கிறேன். என் மகள் இங்குள்ள ஓர் இளையோர் பித்தளைக் குழல் அணியில் டெனர் ஹோர்ன் ஊதுகிறாள். உங்கள் கடைசிக் கேள்விக்கு இங்கே பழைய விடை ஒன்று இருக்கிறது.

இந்த அணிகள் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் வேலை முடிந்த நேரத்தில் வளர்த்தெடுத்தவை. மஞ்செஸ்ரரின் பெல் வியூ பூங்காவில் 1853ஆம் ஆண்டிலேயே இவர்களுக்குப் போட்டி நடந்திருக்கிறது. இவர்களின் மரபில், பேஸ் ட்ரொம்போனையும் தாள வாத்தியங்களையும் தவிர, சின்னக் கொர்னெட் முதல் பெரிய ட்யூபா வரை எல்லாருக்கும் ஒரே மேல்ஸ்தாயிக் குறியீட்டில்தான் (ட்ரெபிள் க்ளெஃப்) இசைத்தாள் எழுதப்படுகிறது. தாளில் ஒரு சுரத்தைக் கண்டால் எந்த வால்வை அழுத்துவது என்பது எல்லாக் குழலிலும் ஒன்றே. ஆகவே கொர்னெட் ஊதும் பிள்ளை விரலை மாற்றாமலே யூபோனியத்துக்குப் போகலாம். மாற வேண்டியது உதடும் மூச்சும் மட்டும், மவுத்பீஸ் பெரிதல்லவா. சென்ற குளிர்காலத்தில் எங்கள் அணியில் ஒரு யூபோனியப் பிள்ளைக்குப் போட்டிக்கு இரண்டு நாள் முன்னர் காய்ச்சல் வந்தது. கடைசி வரிசைக் கொர்னெட்டில் இருந்த ஒரு பெண் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். கடினமான தனியிசையை வேறொருவர் பார்த்துக்கொள்ள, மற்றதை அவள் ஒப்பேற்றினாள்.

உங்கள் யூபோனியத் தாள் கீழ்ஸ்தாயிக் குறியீட்டில் இருந்தால் முதலில் அதை மேல்ஸ்தாயிக் குறியீட்டுக்கு மாற்றி எழுதுவியுங்கள். பின்னர் உங்கள் ட்ரம்பெட் பிள்ளைகளில் மூன்றாம் பகுதி வாசிக்கும் ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள் யூபோனியத்தைக் கொடுத்துப் பழக்குங்கள். முதல் பகுதிக்காரரைத் தொடவேண்டாம். பெரிய மவுத்பீஸுக்குப் பழகிய உதடு சின்னதற்குத் திரும்பக் கொஞ்சம் அடம்பிடிக்கும்.

குளிரைப் பற்றி மாஸ்டர் ஐயா சொன்னதற்கு இங்கே தினமும் சாட்சி காணலாம். ஜனவரியில் மண்டபத்துக்கு வெளியே தங்கள் முறைக்காகக் காத்து நிற்கும் பிள்ளைகள் கொர்னெட்டை மேலங்கிக்குள் கோழிக்குஞ்சுபோல அணைத்து வைத்திருப்பார்கள். எங்களுக்குக் கண்டிக் காலை கோடைகாலம் என்பது வேறு கதை.

இங்கே பல போட்டிகளில் நடுவர்கள் நாற்புறமும் மூடிய ஒரு கூண்டுக்குள் இருந்து கேட்பார்கள், எந்த அணி வாசிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. சீருடையின் மடிப்புக்கும் அணிநடைக்கும் அங்கே ஒரு புள்ளியும் இல்லை. உங்கள் போட்டியில் எதற்கு எத்தனை புள்ளி என்பதை விதித்தாளில் பார்த்துவிட்டு ஒத்திகை நேரத்தைப் பங்கிடுங்கள். எங்கள் ஊர் அணிகள் சப்பாத்து மினுக்குவதற்குச் செலவிடும் நேரத்தைப் பார்த்து நான் பல தடவை வியந்திருக்கிறேன்.

பழைய ட்ரம்பெட் எழுதியது:

ரீச்சர், வணக்கம். நான் யார் என்பதை எழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், ஆகவே பெயர் எழுதவில்லை. சென்ற ஆண்டு அந்த மேடையில் நானும் நின்றேன். உயர்தரப் பரீட்சை முடிந்து பாடசாலையை விட்டும் வந்துவிட்டேன் என்ற துணிவில் ஓர் உண்மையைச் சொல்கிறேன்.

மாஸ்டர் ஐயா சொன்ன குளிர்க் காரணம் சரியாகவே இருக்கும். ஆனால் ட்யூபா மட்டுமன்றி ட்ரம்பெட்டுகளும் போகப் போகச் சுருதி கெட்டதற்கு அது போதாது. அன்று விடிய, நீங்கள் பெயர் பதிவதற்கும் தேநீர் ஒழுங்குபடுத்துவதற்கும் போயிருந்த ஒன்றரை மணி நேரமும் நாங்கள் ஊதிக்கொண்டிருந்தோம். பக்கத்து வகுப்பறையில் இருந்த அணி, கிரிக்கெட் மைதானத்தில் ஊதும் பப்பரே மெட்டு ஒன்றை எடுத்து விட்டது. ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்ற பாடசாலைக் கிரிக்கெட் போட்டிக்கு ஊதிப் பழகிய எங்களால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அவர்கள் ஒரு சுரம் மேலே போனால் நாங்கள் இரண்டு சுரம் மேலே போனோம். வகுப்பறைச் சண்டையில் நாங்கள்தான் வென்றோம், அதையும் இங்கே பதிந்துவிடுகிறேன். மேடைக்குப் போகும்போது என் மேலுதட்டில் மவுத்பீஸின் வட்டம் சிவந்து தடித்திருந்தது, உதடு யாரோ ஒருவருடையதுபோல இருந்தது. களைத்த உதட்டில் மேல்சுரம் நிற்காது. அதை நிறுத்துவதற்குக் குழலை இன்னும் அழுத்துவோம், அழுத்த அழுத்த இரத்த ஓட்டம் குறைந்து உதடு இன்னும் மரத்துப்போகும்.

என் அம்மப்பா இணுவிலில் நாதஸ்வரம் வாசித்தவர். கச்சேரிக்கு முன்னர் சீவாளியை வாயில் ஈரப்படுத்தி, இரண்டு சுரம் தொட்டுப் பார்த்து, அதோடு வாயை மூடிக்கொள்வார். அவரைப் பார்த்து வளர்ந்த நான் அன்று செய்தது இது. புதிய பிள்ளைகளுக்குக் காலையில் இருபது நிமிடம், அதுவும் கீழ்ச்சுரங்களில் மெதுவாக, அதற்கு மேல் வேண்டாம். குழல்களைப் பெட்டியில் போட்டு ஓர் ஆசிரியர் காவலிருந்தால்தான் நடக்கும். முறிகண்டிக் கச்சான் கடலையையும் திரும்பி வரும்போது வாங்கிக் கொடுங்கள், ரீச்சர். உப்புக் கச்சான் தின்ற உதடு வெடிக்கும், மென்ற துகள் வால்வுக்குள்ளும் போகும்.

பொறுப்பாசிரியை எழுதியது:

தம்பி, முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு யாரும் தேநீர் தரவில்லை என்பதையும் நீ தெரிந்துகொள்.

ட்ரம்பெட் வாங்குவதை ஒத்திவைத்துவிட்டோம். வால்வுகளைக் கழற்றிப் பார்த்ததில் ஒன்று உண்மையாகவே தேய்ந்திருக்கிறது, மற்றதில் ஐயா சொன்ன வெள்ளைப் படிவு. முதல் நாள் காலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறோம், இரண்டு ஆசிரியைகளும் ஒரு தாயும் உடன் வருகிறார்கள். யூபோனியத் தாளை எங்கள் பாண்ட் மாஸ்டர் மாற்றி எழுதத் தொடங்கிவிட்டார். மூன்றாம் ட்ரம்பெட் வாசிக்கும் ஒரு பிள்ளை வெள்ளிக்கிழமைகளில் அதை ஊதிப் பார்க்கிறாள், இப்போதைக்குக் கப்பல் புறப்படுவதுபோல ஒரு சத்தம் வருகிறது. வாந்தி எடுக்கும் தம்பியைச் சாரதிக்குப் பின்னால் முன் இருக்கையில் இருத்துகிறோம்.

சிவப்புக் கோடுகளை நாளை அழித்துவிடலாம் என்றிருக்கிறேன். ரிமூவர் யாரிடம் இருக்கிறது என்று கேட்டபோது ஒன்பது கைகள் உயர்ந்தன, அதில் இரண்டு பேஸ் ட்ரம் அணியின் பையன்களுடையவை. காரணம் கேட்கவில்லை.

குருநகரான் எழுதியது:

ரீச்சர், கொஞ்சம் பொறுங்கள். ரிமூவரில் அசிற்றோன் இருந்தால் அது குழலின் மெருகுப் பூச்சையும் உரித்துவிடும். கோடு இருப்பது உள்குழாயில் என்பதால் ஸ்லைட்டை முழுவதுமாக வெளியே இழுத்தெடுத்து, முகப்புப் பக்கம் ஒரு துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பஞ்சில் ஒரு சொட்டு மட்டும் நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்த பின் உள்குழாய்க்குக் கொஞ்சம் வஸ்லின் பூசிச் செருகுங்கள். பேஸ் ட்ரம் பையன்களை இந்த வேலைக்கு விடவேண்டாம்.